பெட்டகத்தை எடுத்த நாள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆபீஸ் பேச்சு செருப்பு ஸ்டாண்டோடு சரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான். நானும் என் கணவனும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்கள். ஒருவர் எழுதியதில் இன்னொருவர் குற்றம் கண்டுபிடித்து, இணையத்தில் வாரக்கணக்கில் சண்டை போட்டு, அப்படித்தான் பழகினோம். கல்யாணத்துக்குப் பிறகு அதே சண்டை சாப்பாட்டு மேஜைக்கு வந்தபோது தாங்கவில்லை. ஒரு தடவை புரோகிராமில் வரும் ஒரு பெயரைச் சுருக்குவதா நீட்டுவதா என்று தொடங்கி ஒரு வாரம் முகம் பார்க்காமல் இருந்தோம். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. அவனும் ஒப்புக்கொண்டான்.

அன்று காலை நான் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவன் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன தன் டீயைக் குடிக்காமல் கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு நாலு மணிக்குத்தானே?"

"செருப்பு ஸ்டாண்ட்," என்றேன்.

வாயை மூடிக்கொண்டான். நான் பையை எடுத்தபோது எழுந்து ஸ்டாண்ட் வரை வந்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்தது. என்ன சொல்வான் என்றும் தெரிந்ததாக நினைத்தேன். காலங்காத்தாலே ஒப்பாரி கேட்க எனக்குத் தெம்பில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் புகுந்து பொத்தானை அழுத்தினேன். கதவு மூடும்போது அவன் எங்கள் வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தான்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி ஒரு எஸ்.டி.கே. விற்கிறது. ஆப் செய்கிறவர்களுக்கான கருவிப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஒரு தடவை எழுதினால் போதும், கைபேசி, லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றிலும் ஓடும். அந்தப் பெட்டிக்குள்ளே ஆதியிலிருந்து ஒரு லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதி வைத்த ஆயத்த நிரல், இருந்தது, பெட்டகம் என்று பெயர். திரையில் எழுதுவதைச் சிந்தாமல் சிதறாமல் கருவிக்குள் எழுதி வைப்பது அதன் வேலை. அதைச் செய்தவன் என் கணவன். ஓய்வு நேரத்தில் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குக் கொடுத்தான். எங்கள் கம்பெனி எடுத்துக்கொண்டது. நான் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்த கதை அது.

இப்போது பெட்டகம் பழசு. அதைவிட வேகமாக எழுதிவைக்கும் ஒன்றை நாங்களே செய்துவிட்டோம். போன வருடமே "இனி இதைப் பயன்படுத்த வேண்டாம்" என்று அறிவித்தோம். அடியோடு கழற்றி எறியும் வேலை யாருக்கு என்று பேச்சு வந்தபோது எங்கள் மேலாளர் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

சுத்தமாகத்தான் செய்தேன். பெட்டகத்தைக் கூப்பிடும் வரி ஒன்றுகூட மிச்சமில்லை என்று மொத்த நிரலையும் சல்லடை போட்டுச் சலித்தேன். பெட்டகத்தைப் பற்றிப் புகார் எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் ஒரு தானியங்கியையும் எழுதி, இணையத்தில் எங்கள் புகார்ப் பக்கத்தின் வாசலில் நிறுத்தினேன். நாங்கள் அதை வாட்ச்மேன் என்போம். புகாரில் பெட்டகம் என்ற பெயரைப் பார்த்தால் உடனே மூடிவிட்டு, "இது இனி எங்கள் பொறுப்பில் இல்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று பதில் போட்டுவிடும். எனக்கு நிம்மதி.

நிம்மதி ஆபீஸில்தான். வீட்டில் இரண்டு வாரமாக அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பெற்ற பிள்ளையை வெளியே தள்ளிவிட்டேன் என்ற கோபம், போகப் போக ஆறும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. சண்டை போடத் தெரிந்தவன் சண்டை போடாமல் இருந்தால் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நாலு மணி. எந்த ரிலீஸாக இருந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு அவரே பொத்தானை அழுத்துவார். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி அறையில் கூட்டம். சுவரில் பெரிய திரை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கட்டம், சோதனையில் தேறினால் பச்சை. எல்லாம் பச்சை.

"பாருங்க, தோட்டம் மாதிரி இருக்கு," என்றார் நாலு மணி. "நாலு மணிக்கு நாம விடுறோம். வார்டு ஆப் கம்பெனிக்காரங்க இன்னைக்கே எடுத்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புறாங்க. தேதி சொல்லியாச்சு. பின்வாங்குற பேச்சே கிடையாது."

வார்டு ஆப் என்பது எங்கள் எஸ்.டி.கே.யில் செய்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்தைக் கொடுத்தாயிற்று என்று செவிலியர்கள் டேப்லெட்டில் குறித்துவைக்கிற ஆப். அடுத்த ஷிப்டில் வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு கொடுப்பார்கள். என் கணவனின் அக்காவும் ஒரு செவிலியர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் வார்டிலும் இதே ஆப்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சகுனம் என்னைப் பிடித்துக்கொண்டாள். சகுனம் எங்கள் டெஸ்டர். நல்ல சேதியோடு அவள் யார் மேஜைக்கும் வந்ததாகச் சரித்திரம் இல்லை, அதனால் அந்தப் பெயர். அவளே அதைத் தன் டீ கப்பில் எழுதி வைத்திருக்கிறாள்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"ரெண்டு வாரமா உம்முன்னு இருக்கான். அவ்வளவுதான்."

அவள் கப்பைக் கீழே வைத்தாள். "அவரா? போன ரிலீஸ்ல உதவிக் குறிப்புல ஒரு எழுத்துப் பிழைன்னு மூணு பக்கம் எழுதினாரே, அவரா? அவரோட பெட்டகத்தையே தூக்குறோம், ஒரு வரிகூட எழுதலையா? எனக்கென்னமோ நல்லாப் படலை."

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் காலையில் ஸ்டாண்ட் வரை வந்தவன் முகம் நினைவுக்கு வந்தது. கோபக்காரன் முகமாக அது இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. படிக்கட்டுப் பக்கம் போய் அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நான் இப்ப செருப்புப் போட்டிருக்கேன்," என்றேன். "பெட்டகத்துல ஏதாவது இருக்கா?"

"கிண்டலா?" என்றான்.

"இல்லப்பா, நிஜமாத்தான் கேக்குறேன்."

"மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் நீதான் மூடின. இப்ப போன் பண்ணி இருக்கான்னு கேக்குறியா?"

"நான் எங்க மூடினேன்?"

"உன் பேர் போட்டிருக்கு. உன் போட்டோவும் இருக்கு. அனுப்பின மறு நொடியே மூடியாச்சு. 'உங்கள் அக்கறைக்கு நன்றி.' மூணாவது தடவை 'தயவு செஞ்சு இதை மட்டும் படி'ன்னு எழுதினேன். அதுக்கும் நன்றிதான். அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி, பொரியல்ல உப்பு கம்மின்னு சொன்ன."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேனுக்குத் தனிக் கணக்குத் தொடங்க அனுமதி கேட்டு, அது வர நாளாகும் என்பதால், என் கணக்கிலேயே ஓடவிட்டிருந்தேன். அது மூடும் ஒவ்வொன்றையும் நான் மூடியதாகத்தான் ஊர் பார்க்கும். அவனும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். இந்த உலகத்தில் வேறு எந்தப் பெண்ணாவது கட்டின புருஷன் வாயை அடைக்க ஒரு மெஷினைச் செய்து, அதற்குத் தன் முகத்தையும் மாட்டிவிட்டிருப்பாளா என்று தெரியவில்லை.

"அது நான் இல்ல," என்றேன். "மெஷின். நான் எழுதின மெஷின். நான் ஒண்ணையும் பாக்கவே இல்ல. சத்தியமா."

நம்பினானா என்று தெரியவில்லை.

"அதை அப்புறம் பேசலாம்," என்றான். குரல் வேலைக் குரலாக மாறியிருந்தது. "மணி மூணு தாண்டியாச்சு. எழுதிக்கோ. அக்கா வார்டுல சோதனைக்குன்னு ஒரு டேப்லெட்ல உங்க புது வெர்ஷனைப் போட்டிருந்தாங்க. ஊசி போட்டுட்டுக் குறிச்சா. திரையில டிக் வந்துச்சு. ஆப்பை மூடினா. திரும்பத் திறந்தா, குறிச்சது காணோம். நல்லவேளை, போட்டவளே திரும்பப் பார்த்தா. வேற யாராவது பார்த்திருந்தா இன்னொரு ஊசி போட்டிருப்பாங்க."

"பெட்டகத்தை யாருமே கூப்பிடலையே? நான் தேடிப் பார்த்தேன்."

"கூப்பிட வேண்டாம். உள்ள இருந்தாலே போதும். உங்க எஸ்.டி.கே. எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே டிக் காட்டிடுது. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். மலிவு டேப்லெட்ல ஆப்பை மூடினா சிஸ்டம் பட்டுனு கொன்னுடும், பாதி எழுதினது பாதியோட போயிடும். பெட்டகம் கதவைப் புடிச்சிட்டு நிக்கும். எழுதி முடிச்சப்புறம்தான் மூட விடும். உங்க தப்புக்கு நான் முட்டுக் குடுத்து வெச்சிருந்தேன். உங்க கம்பெனிக்கு அப்பவே சொன்னேன், யாரும் கேக்கலை. இப்ப நீ அந்த முட்டுக் கம்பை எடுத்துட்ட."

போனை வைத்துவிட்டு ஓடினேன்.

சகுனத்தின் மேஜையில் அதே மலிவு டேப்லெட் ஒன்று இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ," என்றாள். "டெஸ்ட்ல ஒவ்வொரு தடவை சேமிச்சதும் ரெண்டு செகண்ட் சும்மா நிக்கும். எப்பவோ போட்டோம். அது இல்லாட்டி ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்புன்னு ஆட்டம் காட்டுச்சு. மெஷின் மெதுவா இருக்குன்னு நினைச்சுக் காத்திருக்க வெச்சோம்."

ஆட்டம் காட்டியதுதான் பிழை. நாங்கள் அதற்கு இரண்டு விநாடி தாலாட்டுப் பாடித் தூங்க வைத்திருக்கிறோம். அவள் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். கைபேசிகள் பச்சை. லேப்டாப்கள் பச்சை. டேப்லெட்டுகளின் வரிசை ஒவ்வொன்றாகச் சிவந்தது. டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனேன்.

நாலு மணி ஏற்கெனவே பொத்தான் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்து, கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தணும் சார்," என்றேன். "பெட்டகத்தை எடுத்தா எழுதினது தொலையுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். சகுனம் கண்டுபிடித்தாள் என்றால் போதும், அவளும் தலையாட்டியிருப்பாள். "என் வீட்டுக்காரர்," என்றேன்.

"அப்படிப் போடுங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லா டெஸ்டும் பச்சை. அரை மணி நேரம் இருக்கும்போது அவர் செஞ்ச லைப்ரரியை எடுக்கக் கூடாதுன்னு அவரே சொல்றாரு. நீங்க ஓடி வர்றீங்க. நான் வெளிப்படையாப் பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க. உங்களை நம்பித்தான் இந்தப் பொறுப்பைக் குடுத்தேன். இன்னைக்குப் பின்வாங்கினா அடுத்ததுக்கு உங்க பேரை நான் சொல்ல முடியாது."

பத்து ஆண்கள் நடுவே ஒருத்தியாக ஆரம்பித்து இந்த நாற்காலி வரை வந்திருக்கிறேன். யாரும் இதுவரை என்னைப் புருஷன் பேச்சைக் கேட்கிறவள் என்று சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தானே புருஷன் பேச்சைக் காதில் வாங்காமலே இருந்தேன். அந்த நிமிடத்தில் அது எனக்கு நன்றாகவே விளங்கியது, விளங்கியதில் இன்னும் கோபம் வந்தது. டேப்லெட்டை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

"உங்க பேரை எழுதுங்க சார்."

"என்ன விளையாட்டு இது?"

"எழுதுங்க. டிக் வந்ததும் மூடுங்க."

எழுதினார். டிக் வந்தது. மூடினார். திறந்தார். வெறும் கட்டம். மறுபடி எழுதினார். இந்தத் தடவை இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி தெரிந்தது.

"இன்னொரு தடவை," என்றேன்.

மூன்றாவது தடவை அவர் பெயர் இல்லை. நான்காவது தடவையும் இல்லை. ஐந்தாவதில் முதல் இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒரு ஊசின்னு வெச்சுக்கோங்க சார்," என்றேன். "டிக் வந்துச்சு. கொடுத்தாச்சா, கொடுக்கலையா? அடுத்த ஷிப்ட்ல வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகுனம் நின்றிருந்தாள். நாலு மணி திரையில் பொத்தான் இருந்த பக்கத்தை மூடினார்.

"வார்டு ஆப்காரங்ககிட்ட நான் பேசுறேன்," என்றார். "என்ன காரணம்னு சொல்ல?"

"உண்மையைச் சொல்லுங்க. தப்பு நம்ம எஸ்.டி.கே.யில, ஆரம்பத்துல இருந்தே இருக்கு. வெளியில இருந்து ஒருத்தர் மூணு தடவை எச்சரிச்சாரு, நான் வெச்ச மெஷின் மூடிடுச்சு. என் பேரைச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் அந்த ஜாதி இல்லை. நான் என் இடத்துக்குப் போய் முதல் வேலையாக வாட்ச்மேனை நிறுத்தினேன். அது மூடியவற்றைத் திறந்து பார்த்தேன். அவனுடைய முதல் புகார் "மதிப்பிற்குரிய குழுவினருக்கு" என்று தொடங்கியது. என்னைத்தான் அப்படி எழுதியிருக்கிறான். அதற்கு மேல் ஆபீஸில் வைத்துப் படிக்க முடியவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. ஸ்டாண்ட் அருகில் நின்றேன். செருப்பைக் கழற்றவில்லை.

நறுக்கும் சத்தம் நின்றது. கையில் கத்தியோடே வந்து எட்டிப் பார்த்தான். என் காலைப் பார்த்தான்.

"நிறுத்தியாச்சு," என்றேன்.

"அக்கா சொன்னா. அவங்க ஆஸ்பத்திரிக்குச் சேதி வந்துடுச்சாம்."

"நான் கூப்பிடலைன்னா என்ன பண்ணியிருப்ப?"

"உன் மேலாளருக்கு மெயில் எழுதி வெச்சிருந்தேன். மூணே முக்காலுக்கு அனுப்பியிருப்பேன். உன் பேர் கெட்டிருக்கும். தெரிஞ்சுதான் எழுதினேன். நீ கூப்பிடுவன்னு அதுவரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கோபப்பட ஒரு நொடி ஆசையாக இருந்தது. முடியவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தால் காலையிலேயே அனுப்பியிருப்பேன்.

"ரெண்டு வாரம்," என்றேன். "பக்கத்துல படுத்திருந்தவ நான். உலுக்கி எழுப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு சட்டத்துக்காகவா?"

"சட்டத்துக்காக இல்ல. நீ படிச்சிட்டுத்தான் மூடுறன்னு நினைச்சேன். படிச்சும் மூடுறவகிட்ட என்னத்தைச் சொல்றது? பெட்டகத்தை எடுக்குறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எத்தனை வருஷமா யாரோட தப்பையோ புடிச்சிட்டு நிக்குறேன். எடு. ஒழுங்கா எடு. ஆனா நான் சொன்னதை நீ குப்பையில போட்டதா நினைச்சுட்டு இந்த வீட்டுல இருந்தேன் பாரு, அது என்னால முடியலை."

"மூணு தடவை மெஷின் மூடுச்சு," என்றேன். "இன்னைக்குக் காலையில நீ இதே இடத்துல நின்ன. நாலாவது தடவை நானேதான் மூடினேன். மன்னிச்சிடு."

அழுகை வந்தது. துடைக்கவில்லை. அவன் மிகுந்த மரியாதையோடு தலையைக் குனிந்து, "உங்கள் அக்கறைக்கு நன்றி," என்றான்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. கத்தியை ஸ்டாண்ட் மேல் வைத்தான். தன் செருப்பைத் தேடி எடுத்து, ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான்.

"சொல்லு," என்றான். "முதல் புகார்ல இருந்து வருவோம். எதுவரைக்கும் படிச்ச?"